ட்யூட்டி நேரம் முடிந்தது என்று இறங்கிப் போன பைலட்டைத் திட்டினேன். திட்டியிருக்க வேண்டியது யாரை?

பனியன்கம்பெனி, திருப்பூர்

பொங்கல் நோம்பி முடிந்த கையோடு, எங்கள் பனியனை வாங்குகிற பையரைப் பார்க்க டெல்லி கிளம்பினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கே பீளமேடு ஏர்போர்ட்டில் ஆஜர். டெல்லியில் மூடுபனி, அங்கிருந்து வர வேண்டிய விமானம் வரவில்லை. ஏழு மணி என்றார்கள், ஒன்பது என்றார்கள். பத்தரைக்கு ஒருவழியாக ஏறி உட்கார்ந்தோம். கதவைச் சாத்தப் போகிறார்கள் என்று பார்த்தால் பைலட் மைக்கில் பேசுகிறார்: பணி நேர வரம்பு முடிந்துவிட்டது, இனி ஓட்ட எங்களுக்கு அனுமதி இல்லை, மன்னிக்கவும்.

உள்ளே ஒரே கூச்சல். நானும் சும்மா இருக்கவில்லை. "மூன்று மணி நேரம்தானே, ஓட்டினால் என்ன?" என்று கத்தினேன். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினார். என்னைக் கடக்கும்போது பார்த்தேன், கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி சிவந்திருந்தது. அடுத்த நாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். பையர் கிளம்பிவிட்டார்.

கம்பெனி பெயர் கேட்காதீர்கள், அதுவல்ல பேச்சு. அந்தக் கண்ணை நினைத்துக்கொண்டு இந்தப் பணி நேர விதிகளைத் தேடிப் படித்தேன். ஆத்திரம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. விதியை எழுதுகிற டிஜிசிஏவே, அதாவது விமான நிறுவனங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பே, அதைத் தள்ளிப் போடுகிறது, தளர்த்துகிறது. அப்படித் தளர்த்திய பிறகு ஏதாவது நடந்தால் கையெழுத்துப் போட்டவரை யார் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூர்க்காரன்

அண்ணா, நீங்கள் ரொம்ப இரக்கப்படுகிறீர்கள். லட்சக்கணக்கில் சம்பளம், ஏசி ரூம், பிக்கப் கார். இங்கே தறி ஓட்டுகிறவன் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறான், அவனுக்கு யார் விதி போட்டார்கள்? ஓய்வு நேரத்தை ஏற்றினால் ஆள் கூடுதலாக வேண்டும், டிக்கெட் விலை ஏறும். ஆள் பத்தாத நாளில் டெல்லி, மும்பை சர்வீஸையா வெட்டுவார்கள்? எங்கள் காமலாபுரம் மாதிரி சின்ன ஏர்போர்ட் சர்வீஸைத்தான் வெட்டுவார்கள். சேலத்துக்கு விமானம் நின்று போய் மறுபடி வந்ததே 2023 அக்டோபரில்தான்.

சங்ககிரிலாரி

ஓமலூர்த் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு ஆறு வண்டி ஓடுகிறது. முப்பது வருடத் தொழில்.

நான்கு வருடம் முன்னால் என் டிரைவர் ஒருத்தர் நாக்பூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், விடியற்காலை நாலேகாலுக்கு, கண் அசந்து தடுப்புச் சுவரில் ஏற்றிவிட்டார். ஆண்டவன் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை, கால் மட்டும் முறிந்தது. கேஸ் யார் மேல்? டிரைவர் மேல். லைசென்ஸ் யாருடையது போனது? அவருடையதுதான். என்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் முந்தின நாள் ராத்திரி ஜிபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எதுக்கு அங்கேயே நிற்கிறீங்க, லோடு காலையில் இறங்கணும்" என்று போன் போட்டது நான். அவர் அங்கே தூங்கத்தான் நிறுத்தியிருந்தார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. சங்ககிரியில் அதைக் கடைப்பிடிக்கிற ஒரு வண்டியைக் காட்டுங்கள் பார்ப்போம். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, 2018ல் அதையும் எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லிக் கேட்டது எங்களை மாதிரி ஓனர்கள்தான், அதையும் மறைக்கவில்லை. ஆக, விதி இல்லாததும் கஷ்டம், இருந்தும் கேட்க ஆள் இல்லாததும் கஷ்டம். விமானத்திலாவது அந்த பைலட்டால் இறங்கிப் போக முடிந்தது. என் டிரைவர் இறங்கிப் போயிருந்தால் அடுத்த நாளே வேறு ஆளைப் போட்டிருப்பேன்.

காந்திபுரம்டாக்டர்

லாரி அண்ணா சொன்ன நாலேகால் தற்செயல் இல்லை. ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தானாகவே இறங்குகிற நேரம். உடல் சூடு குறையும், கவனம் மங்கும். எவ்வளவு பழகினவராக இருந்தாலும் இது மாறாது. முந்தின பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் கூட முழுசாகச் சரியாகாது.

இன்னொரு கணக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய கவனத்துக்குச் சமம் என்று தொண்ணூறுகளிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதித்த அளவு 0.03. அதாவது அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தவர் ராத்திரி பத்து மணிக்கு வண்டியை எடுத்தால், அவினாசி ரோட்டில் போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கிற ஆளைவிட மோசமான நிலையில் இருக்கிறார். பைலட்டை விமானம் ஏறும் முன் ஊதச் சொல்கிறார்கள், துளி இருந்தாலும் ஏற விடுவதில்லை. தூக்கக் கடனை அளக்க அப்படி ஒரு மெஷின் கிடையாது. அதனால்தான் நேரக் கணக்கில் விதி போட வேண்டியிருக்கிறது. அது முரட்டு அளவுகோல்தான், ஆனால் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

ஓமலூர்க்காரன்

டாக்டருங்க சொல்வது சரி, ஆனால் தூக்கத்தால் விமானம் விழுந்ததாக நம் ஊரில் எங்கே நடந்தது?

சூலூர்ரிட்டயர்டு

தம்பி, மங்களூரை மறந்துவிட்டீர்களா? 2010 மே 22. துபாயிலிருந்து ராத்திரி கிளம்பி, காலை ஆறு மணி சுமாருக்கு இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஓடுபாதை தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் போனார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானியறைப் பதிவைக் கேட்டபோது முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் இரண்டு விமானிகளுக்கும் இடையே பேச்சே இல்லை, நடுநடுவே கேப்டன் குறட்டை விடுகிற சத்தம். இறங்கும்போது விமானம் உயரத்தில் இருந்தது, துணை விமானி மறுபடி மேலே ஏற்றச் சொல்லி மூன்று தடவை சொல்லியிருக்கிறார். எழுந்தவுடன் மூளை முழுசாக விழிக்காத அந்த மந்த நிலையை விசாரணை அறிக்கையே குறிப்பிட்டது.

நான் விமானப்படையில் தரையில் வேலை பார்த்தவன், ஸ்பேனர் பிடித்த கை. அதனால் விமானி பக்கம் ரொம்பப் பேச மாட்டேன். ஆனால் ஒழுங்குமுறை எப்படி நடக்கிறது என்று இருபத்தைந்து வருடமாகக் கவனித்து வருகிறேன், அதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய பணி நேர விதியை டிஜிசிஏ அறிவித்தது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக ஏறியது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை என்று இருந்ததை ஆறு வரை என்று நீட்டினார்கள். இரவில் ஆறு முறை தரையிறங்கலாம் என்று இருந்ததை இரண்டாக்கினார்கள். நல்ல விதி. அந்த வருடம் ஜூன் 1 முதல் அமல் என்றார்கள். விமான நிறுவனங்கள் ஆள் இல்லை என்றன, தள்ளிப் போட்டார்கள். பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்ற பிறகுதான் 2025 ஜூலையில் ஒரு பகுதி, நவம்பர் 1ல் மீதி என்று தேதி கிடைத்தது.

அறிவித்த நாளிலிருந்து கணக்குப் போடுங்கள், இருபத்திரண்டு மாதம். ஒரு கன்றுக்குட்டி வளர்ந்து சினைக்கு வந்துவிடும். அவ்வளவு நாள் இருந்தும் நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோ ஆள் கணக்கைச் சரிசெய்யாமல் டிசம்பரில் முட்டிக்கொண்டு நின்றது. 3ஆம் தேதி முதல் 5ஆம் தேதி வரை மட்டும் 2,507 விமானங்கள் ரத்து, மூன்று லட்சம் பேருக்கு மேல் அல்லாட்டம். உடனே டிஜிசிஏ என்ன செய்தது? இரவுப் பணி விதிகளில் அந்த நிறுவனத்துக்குப் பிப்ரவரி 10 வரை விலக்கு. பைலட் எடுத்த லீவை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியை எல்லா நிறுவனத்துக்கும் வாபஸ் வாங்கியது. விதியை மதித்து முன்கூட்டியே ஆள் எடுத்து வைத்தவன் ஏமாளி ஆனான்.

2026 ஜனவரி 17ஆம் தேதி அபராதம் போட்டார்கள், 22 கோடியே 20 லட்சம். அதில் 20 கோடியே 40 லட்சம் எதற்கு என்று பாருங்கள்: டிசம்பர் 5 முதல் பிப்ரவரி 10 வரை 68 நாள் விதியைப் பின்பற்றாததற்கு, நாளுக்கு 30 லட்சம். விலக்கு கொடுத்ததும் அதே நாட்களுக்குத்தான்! விலக்கு என்றால் அபராதம் ஏன், அபராதம் என்றால் விலக்கு ஏன்? எனக்குப் புரியவில்லை, புரிந்தவர்கள் விளக்கலாம்.

பனியன்கம்பெனி

22 கோடி நமக்குப் பெரிய தொகை. ஆனால் அந்தக் கம்பெனியின் 2024-25 நிதியாண்டு லாபம் சுமார் 7,250 கோடி. 365ஆல் வகுத்தால் நாளுக்கு இருபது கோடி வருகிறது. ஒரு நாள் லாபம்! எங்கள் சாயப்பட்டறைக்காரர்களை நொய்யல் வழக்கில் மொத்தமாகப் பூட்டினார்களே, 2011ல். நீதிமன்றம் சொன்னது, மின்சாரத்தை வெட்டினார்கள், ஊரே நின்றது. அது சரியா தப்பா என்பது வேறு இழை, இங்கே அடித்துக்கொள்ள வேண்டாம். சின்னவன் கை என்றால் முறிக்கிறார்கள், பெரியவன் கை என்றால் நீவி விடுகிறார்கள்.

நூல்மில்ஷிஃப்ட்

எங்கள் மில்லில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். பஞ்சுத் தூசி கூட்டி, முகமூடி கொடுத்து, மூன்றாவது ஷிஃப்ட் ரெஜிஸ்டரைப் புதுசாக எழுதி வைப்போம். டீ, முறுக்கு எல்லாம் வந்து இறங்கும். விமானத்திலும் இப்படித்தானா?

சூலூர்ரிட்டயர்டு

ரெஜிஸ்டர் பற்றித் தெரியாது. ஆனால் ஆள் கணக்கு தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட இடம் 1,063, ஆள் இருப்பது 553. கிட்டத்தட்டப் பாதி நாற்காலி காலி. பைலட் பற்றாக்குறை என்று நிறுவனம் சொன்னால் அதட்டுகிற இடத்திலேயே ஆள் இல்லை.

சரி, கையெழுத்துப் போட்டவரை யார் கேட்பது என்று பனியன் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். யாருக்குத் தண்டனை கிடைத்தது என்று பாருங்கள். 2025 ஜூனில் ஏர் இந்தியாவில் பணிப் பட்டியல் குளறுபடி என்று மூன்று அதிகாரிகளை அந்த வேலையிலிருந்து நீக்கச் சொன்னார்கள். டிசம்பர் குழப்பத்துக்குப் பிறகு டிஜிசிஏவின் ஒப்பந்த இன்ஸ்பெக்டர்கள் நான்கு பேர் வீட்டுக்குப் போனார்கள். இண்டிகோவில் கட்டுப்பாட்டு மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த அதிகாரியைப் பொறுப்பிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், தலைமை அதிகாரிக்கு எச்சரிக்கை. டிஜிசிஏவுக்குள் என்ன சரிசெய்ய வேண்டும் என்று பார்க்க ஓர் உள்விசாரணை. அமலைத் தள்ளிப் போட்ட கோப்பில், விலக்கு கொடுத்த கோப்பில் இருக்கிற கையெழுத்து எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. மழைத் தண்ணி மாதிரி எல்லாம் கீழே ஓடி, ஒப்பந்த ஆள் வாசலில் தேங்கி நிற்கிறது.

சங்ககிரிலாரி

என் டிரைவர் கதைதான்.

ஓமலூர்க்காரன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிசம்பர் 5ல் அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மூன்று லட்சம் பேர் ஏர்போர்ட் தரையில் படுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போகிறவன், சாவுக்குப் போகிறவன். விதி விதிதான் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? டிக்கெட் விலைக்கே 500 கிலோமீட்டர் வரை 7,500 என்று உச்சவரம்பு போட வேண்டியதாகிவிட்டது. இதற்குப் பதில் சொல்லாமல் சும்மா டிஜிசிஏவைத் திட்டுவது சுலபம்.

காந்திபுரம்டாக்டர்

நல்ல கேள்வி. டிசம்பர் 5ல் வேறு வழி இருந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி அக்டோபர் 5 பற்றியது. குளிர்கால அட்டவணைக்கு ஒப்புதல் கொடுப்பதும் அதே டிஜிசிஏதான். நவம்பர் 1 முதல் ஒவ்வொரு பைலட்டும் இத்தனை மணி நேரம்தான் கிடைப்பார் என்று தெரியும். எத்தனை பைலட் இருக்கிறார்கள் என்று தெரியும். பெருக்கிப் பார்த்திருந்தால் அட்டவணை தாங்காது என்று அப்போதே தெரிந்திருக்கும். குழப்பம் வெடித்த பிறகு பத்து சதவீதத்தை வெட்டச் சொன்னார்களே, அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் யாரும் தரையில் படுத்திருக்க மாட்டார்கள். தீ பிடித்த வார்டில் கதவை உடைத்ததற்கு நான் யாரையும் கேட்க மாட்டேன். தீயணைப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பேன்.

அமெரிக்காவிலும் ஒன்றும் தேன் ஓடவில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானிகளின் சோர்வும் அந்த விசாரணையில் பெரிய பேச்சானது. இறந்தவர்களின் குடும்பங்கள் வருடக்கணக்கில் நாடாளுமன்றப் படியேறி நின்றுதான் புதிய ஓய்வு விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதிலும் சரக்கு விமானங்களை விட்டுவிட்டார்கள், சரக்கு ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வராது போல. ஒரு வித்தியாசம் மட்டும் கவனியுங்கள். அங்கே விபத்தை விசாரிக்கிற அமைப்பு 1974ஆம் வருடச் சட்டத்திலிருந்து தனியாக நிற்கிறது, ஒழுங்குமுறை அமைப்பையே குற்றம் சொல்லும். இங்கே விசாரிக்கிற ஏஏஐபியும், விதி போடுகிற டிஜிசிஏவும் ஒரே அமைச்சகத்தின் கீழ். வாத்தியார் ஒருத்தர், தேர்வு அதிகாரி அவருடைய பங்காளி.

மருதமலைஅடிவாரம்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதுவதா வேண்டாமா என்று யோசனை. என் மகள் விமானப் பணிப்பெண், நான்கு வருடமாக. கம்பெனி பெயர் வேண்டாம்.

எல்லோரும் பைலட் பற்றியே பேசுகிறீர்கள். தீப்பிடித்தால் கதவைத் திறந்து நூற்றெண்பது பேரை ஒன்றரை நிமிடத்தில் வெளியே தள்ள வேண்டியது இந்தப் பிள்ளைகள்தான். அவள் ஊருக்கு வந்தால் முதல் நாள் பூராவும் தூங்குவாள். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் கொஞ்சம் சிரிப்பாள், அன்று ராத்திரி கிளம்ப வேண்டும். ஒறம்பரை வீட்டுக்குக் கூட்டிப் போனால் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள், "என்ன அம்மிணி, உடம்புக்கு முடியலையா" என்று கேட்கிறார்கள். அதிகாலை இரண்டு மணிக்குக் கார் வருகிறது என்றால் ஒன்றரைக்குக் கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம். சோர்வு வெளியே தெரியக் கூடாது என்பதும் அந்த வேலையில் ஒரு வேலை.

சூலூர்ரிட்டயர்டு

அம்மா, தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? சோர்வாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. புதிய விதிப்படி பைலட்டுகள் கொடுக்கும் சோர்வு அறிக்கைகளை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஜிசிஏவுக்குச் சொல்ல வேண்டும், கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது. அவர்கள் கம்பெனியில் கேபின் ஆட்களும் அப்படி எழுதிக் கொடுக்கலாமா? மகள் எப்போதாவது கொடுத்திருக்கிறாளா?

மருதமலைஅடிவாரம்

கேட்டேன் ஐயா. கொடுக்கலாம். ஒரே ஒரு தடவை கொடுத்தாளாம். ராத்திரி முழுக்கப் பறந்து காலை பத்து மணிக்கு ஓட்டலில் இறக்கிவிட்டார்கள், அன்றைக்கு ராத்திரியே மறுபடி டியூட்டி. விதிப்படி ஓய்வு மணி நேரம் சரியாக இருந்தது. வெளியே வெயில், பக்கத்து அறையில் கல்யாண கோஷ்டி, தூக்கம் இரண்டு மணி நேரம். எழுதிக் கொடுத்தாள். "ஓய்வு நேரம் கொடுத்தோமே, நீங்கள் ஏன் தூங்கவில்லை?" என்று பதில் வந்ததாம். தண்டிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் மட்டும் பறக்கும் நேரம் குறைந்தது, அதனால் கையில் வருகிற படியும் குறைந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. அதோடு விட்டுவிட்டாள். "அம்மா, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்" என்கிறாள்.

நூல்மில்ஷிஃப்ட்

அக்கா, மூன்றாவது ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கிப் பார்த்தவனுக்குத்தான் இது புரியும். வீட்டில் குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டி. தலையணையை மாற்றி மாற்றிப் போட்டுப் படுப்பதுதான் மிச்சம்.

பனியன்கம்பெனி

அம்மா எழுதியதைப் படித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறேன். மூன்று கேள்வி. 2024 ஜூன் அமலை ஏன் தள்ளிப் போட்டீர்கள்? டிசம்பர் 5 விலக்கைக் கொடுக்குமுன் விமானிகளின் சோர்வு பற்றி யாராவது ஆய்வு செய்தார்களா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிற சோர்வு அறிக்கைகளை ஏன் பயணிகளுக்குக் காட்டக் கூடாது? சரியாக இருக்கிறதா?

ஓமலூர்க்காரன்

எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள் அண்ணா. சேலம் சர்வீஸை வெட்டினார்களா என்றும் ஒரு வரி சேருங்கள்.

சூலூர்ரிட்டயர்டு

தம்பி, "ஏன்" என்று கேட்டால் ஒரு வரியில் தட்டிக் கழித்துவிடுவார்கள், கருத்துக் கேட்பது தகவல் ஆகாது என்று. ஆவணமாகக் கேளுங்கள். "அமலைத் தள்ளிவைத்த கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், ஒவ்வொரு குறிப்பிலும் கையெழுத்திட்ட அதிகாரியின் பதவிப் பெயருடன்" என்று எழுதுங்கள். விலக்குக்கும் அப்படியே. சோர்வு அறிக்கை முழுசாகக் கிடைக்காது, வணிக ரகசியம் என்பார்கள். எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். சேலம் சமாச்சாரத்தைத் தனி மனுவாகப் போடச் சொல்லுங்கள், ஒன்றோடு ஒன்று கலந்தால் அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆன்லைனில் பத்து ரூபாய்தான், ரசீது எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்து இங்கேயே வந்து சொல்லுங்கள்.

பனியன்கம்பெனி

போட்டாச்சுங்க.